சங்கு ஏறிய வண்டி

அவளுக்குச் சங்கு என்று பேர் வைத்தது அவளுடைய கணக்கு வாத்தியார். ஐந்தாம் வகுப்பில் வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொன்னபோது அவள் போட்ட சத்தத்தில், பக்கத்து வகுப்புப் பிள்ளைகளும் சேர்ந்து ஏழாம் வாய்ப்பாடு சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். "இது தொண்டையா, இல்ல மில்லு சங்கா?" என்று வாத்தியார் காதைப் பொத்திக்கொண்டார். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பேர் பிறகு உதிரவே இல்லை. பெற்றவர்கள் வைத்த பேர் சான்றிதழில் மட்டும் பத்திரமாக இருந்தது.

அந்தக் குரலால் அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை. அவளிடம் ரகசியம் சொல்ல எவளும் துணியமாட்டாள். அவள் திருப்பிக் கேட்கும் ஒற்றைக் கேள்வியிலேயே விஷயம் தெருமுனை வரைக்கும் போய்விடும். கல்யாணமாகிப் போன வீட்டில், அவள் போனில் பேசும்போதெல்லாம் மாமியார், "இதுக்கு எதுக்கு போனு? ஜன்னலைத் திறந்து வெச்சாலே போதுமே" என்பார். நகல் எடுக்கும் கடை வைத்திருந்த அவள் கணவர் மட்டும் ஒன்றும் சொல்லமாட்டார். நாள் முழுக்க மெஷின் இரைச்சலில் இருக்கிற மனிதர், வீட்டுக்கு வந்தால் மனைவி பேசுவது மட்டுமாவது தெளிவாகக் கேட்கிறதே என்று சந்தோஷப்பட்டுக்கொள்வார்.

முதன்முதலாக அந்தக் குரலுக்குச் சம்பளம் கொடுத்தது ஓர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலை. வரிசை வரிசையாகத் தையல் மெஷின்கள் ஓடும் நீளமான கூடத்தில் ஒருத்தி சொல்வது இன்னொருத்திக்குக் கேட்காது. சங்கு சொன்னால் எல்லாருக்கும் கேட்கும். சேர்ந்த கொஞ்ச காலத்திலேயே அவளை மேற்பார்வையாளர் ஆக்கிவிட்டார்கள்.

அங்கேதான் அது நடந்தது. பிசிறு நூல் வெட்டும் பெண் ஒருத்தி, ஐந்து மாசக் கர்ப்பிணி, மாடிப்படியில் வழுக்கிக் கீழே வந்து விழுந்தாள். கூடமே திரண்டுவிட்டது. ஒருத்தி தண்ணீர் கொடு என்கிறாள், ஒருத்தி கொடுக்காதே என்கிறாள். தூக்கி உட்கார வை என்கிறார் ஒருவர், படுக்க வை என்கிறார் இன்னொருவர். துணி அட்டையால் மூன்று பேர் விசிறுகிறார்கள். சங்கு ஒரு அதட்டல் போட்டாள். "நகருங்க எல்லாரும்!" கூட்டம் அப்படியே பின்வாங்கியது. நடுவில் இடம் கிடைத்தது. விழுந்தவள் நிமிர்ந்து சங்குவின் முகத்தைப் பார்த்தாள். சங்குவுக்கு இடம் விடச் சொல்லத் தெரிந்தது. விட்ட இடத்தில் உட்கார்ந்து என்ன செய்ய வேண்டும் என்று தெரியவில்லை.

பிறகு ஆம்புலன்ஸ் வந்தது. அதிலிருந்து இறங்கிய ஆள் மண்டியிட்டு உட்கார்ந்து, அந்தப் பெண்ணின் பேரைக் கேட்டு, எங்கே வலிக்கிறது என்று கேட்டு, நாடி பார்த்து, வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அவர் குரலை உயர்த்தவே இல்லை. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள், மாசம் முடிந்து நல்லபடியாகப் பிரசவமும் ஆனது. ஆனால் சங்குவுக்கு அந்த மண்டியிட்ட உருவம் மனசை விட்டுப் போகவில்லை. முப்பத்திரண்டு வயசில், பள்ளிக்கூடம் போகும் மகளை வைத்துக்கொண்டு, "நான் அந்த வேலை படிக்கப் போறேன்" என்று வீட்டில் சொன்னாள்.

"விரல்ல கத்தி பட்டாலே கண்ணை மூடிக்கிறவ, ரத்தம் பார்க்கிற வேலைக்குப் போறாளாம்" என்றார் மாமியார்.

"கண்ணைத் திறந்து வெச்சுக்கக் கத்துக்கிறேன் அத்தை."

"அப்ப போய்த் தொலை. பிள்ளையை நான் பார்த்துக்கிறேன்." அந்த அம்மாள் ஆசீர்வாதம் பண்ணும் விதமே அப்படித்தான்.

பயிற்சியில் எல்லாரும் பயந்த பாடம் ஒன்று இருந்தது: அடிபட்ட கர்ப்பிணி. இரண்டு உயிராச்சே, எதை முதலில் பார்ப்பது என்று குழம்புவார்களாம். ஆனால் பாடம் சொன்னது வேறு. இரண்டு உயிர்தான், வழி ஒன்றுதான்; முதலில் தாயைக் காப்பாற்று, குழந்தையைக் காப்பாற்ற அதைவிட நல்ல வழி கிடையாது. வயிறு பெரிதானவளை மல்லாக்கப் போடாதே. கர்ப்பப்பையின் பாரம் முதுகெலும்பை ஒட்டி ஓடும் பெரிய ரத்தக்குழாயை அழுத்தும். இதயத்துக்குத் திரும்ப வேண்டிய ரத்தம் வழியிலேயே நின்றுவிடும். இடது பக்கம் சாய்த்துப் படுக்க வை. கழுத்தில் அடி என்று பலகையில் கட்டியிருந்தால் பலகையையே சாய். அதுவும் முடியவில்லையா, இரண்டு கையாலும் வயிற்றை இடது பக்கமாகத் தள்ளிப் பிடி.

இதைப் பழக அவளுக்கு ஒரு வயிறு தேவைப்பட்டது. வீட்டில் இருந்தது கணவருடையது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைத் துணி தேய்க்கும் பலகையில் படுக்க வைத்து, வயிற்றின் மேல் ஒரு பூசணிக்காயை வைத்துத் துண்டால் கட்டினாள். பலகைக்கு வலது பக்கம் போர்வையைச் சுருட்டிச் சொருகினாள், எடுத்தாள், மறுபடி சொருகினாள். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டே, "டாக்டரம்மா, எனக்கு எத்தனை மாசம்?" என்று கேட்டார். மகள் சிரித்துச் சிரித்துத் தரையில் உருண்டாள். மாமியார் மட்டும் சமையலறையிலிருந்து, "பிரசவம் ஆனதும் காயை இங்க அனுப்பு, அடுப்புல சட்டி காயுது" என்றார்.

வேலையில் சேர்ந்த முதல் நாள் அவளுக்கு வாய்த்த டிரைவர், நரைத்த மீசைக்காரர். பேர் பூனை. அவர் பிரேக் போட்டால் வண்டியில் இருப்பவருக்குத் தெரியாது; பூனை நடக்கிற மாதிரி இருக்கும். ஹாரன் அடிப்பதைப் பெரிய அவமரியாதையாக நினைக்கிற மனிதர். சங்குவின் பேரைக் கேட்டதும் அவர் முகம் மாறிவிட்டது.

"ஷெட்டுக்குள்ள என்ன பேர் வேணா இருக்கட்டும் தங்கச்சி. பேஷண்ட் முன்னாடி வேணாம். ஆம்புலன்ஸ்ல படுத்திருக்கிறவன் காதுல 'சங்கு, ரெடியா?'ன்னு விழுந்தா என்ன ஆகும்? கட்டை அவுத்துட்டு ஓடிடுவான்."

அன்றிலிருந்து ஷெட்டில் சங்கு, வண்டியில் அக்கா. அப்படியே ஒன்பது வருஷம் ஓடிவிட்டது. அந்த வருஷங்களில் அவள் இன்னொன்றும் கற்றுக்கொண்டாள்: நோயாளி பக்கத்தில் உட்கார்ந்தால் மெதுவாகப் பேசுவது. பிறவிக் குரலைச் சுருட்டி உள்ளே வைப்பது அவளுக்கு ஊசி போடக் கற்றதைவிடக் கஷ்டமாக இருந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை, மழை விட்டு வெயில் அடிக்க ஆரம்பித்த நேரம். ஆற்றுக்கு இந்தப் பக்கம், கடைவீதி முனையில் இரண்டு வண்டிகள் மோதிவிட்டதாக அழைப்பு வந்தது. போய்ப் பார்த்தால், கூரையில் பலகை வைத்த டிரைவிங் ஸ்கூல் கார் ஒன்று பக்கவாட்டில் நசுங்கி நின்றது. சந்திலிருந்து பாய்ந்து வந்த சரக்கு வேன், முன்சீட்டில் பயிற்சியாளர் உட்காரும் பக்கமாகப் பார்த்து இடித்திருக்கிறது. வேன்காரர் நெற்றியில் ஒரு சிராய்ப்போடு போலீஸ்காரரிடம் கைகட்டி நின்றுகொண்டிருந்தார்.

மருந்துக்கடைப் படியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். எட்டாம் மாச வயிறு. கையில் போன். "ஒண்ணுமில்லைங்க, கதவுதான் போச்சு, நான் நல்லாத்தான் இருக்கேன். வேலையை விட்டுட்டு ஓடி வராதீங்க" என்று சிரித்தபடியே கணவரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள்தான் அந்த டிரைவிங் ஸ்கூலின் டீச்சர். பக்கத்தில் வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெரியவர், கார்க் கண்ணாடியில் ஒட்டியிருந்த சிவப்பு 'எல்' அட்டையை எப்படியோ பிய்த்துக் கையில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். ரிட்டயரான பிறகு கார் ஓட்டிப் பழக ஆசைப்பட்ட பென்ஷன்காரர். இடிபட்ட நேரத்தில் ஸ்டியரிங் அவர் கையில்தான் இருந்தது.

"நான்தான்மா பண்ணிட்டேன். நான்தான் பண்ணிட்டேன்" என்றார் சங்குவைப் பார்த்ததும்.

"அய்யா, நீங்க ஒண்ணும் பண்ணலை. சிக்னல் பச்சையிலதான் போனீங்க" என்ற டீச்சர், சங்குவிடம் திரும்பி, "சிஸ்டர், முதல்ல அவரைப் பாருங்க. மயக்கம் வந்தா அவருக்குத்தான் வரும்" என்றாள்.

கூட்டத்தில் யாரோ சோடா வாங்கிவந்து நீட்டினார்கள். சங்கு அதைக் கையால் மெதுவாக விலக்கிவிட்டு, "இப்ப எதுவும் குடிக்க வேணாம் டீச்சர்" என்று படியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். மணிக்கட்டைப் பிடித்தாள். நாடி ஓடிக்கொண்டிருந்தது, கொஞ்சம் அவசரமாக. பயத்தில் யாருக்கும் அப்படி ஓடும். பிரஷர் சரியாக இருந்தது. பேச்சு தெளிவு. ரத்தம் எங்கும் இல்லை. பெல்ட்டை வயிற்றுக்குக் கீழே, இடுப்பெலும்போடு சேர்த்துப் போட்டிருந்தாள்; பாடம் நடத்துகிறவள் ஆயிற்றே. பார்க்கிற யாரும் இவளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

ஆனால் டீச்சர் பேசும்போதே இடுப்பை இப்படியும் அப்படியும் மாற்றி மாற்றி உட்கார்ந்தாள். சங்குவின் கண் அதில் போய் நின்றது.

"முதுகு வலிக்குதா?"

"லேசா. உட்கார்ந்தது சரியில்ல போல."

"கழுத்து?"

"திருப்பினா பிடிக்குது."

சங்கு கையை அவள் வயிற்றில் வைத்தாள். இறுகியிருந்தது. சுருங்கிப் பிடிக்கிற வலியாக இருந்தால் கொஞ்சத்தில் இளகும். அவள் கையை எடுக்காமல் காத்திருந்தாள். இளகவில்லை.

"குழந்தை அசையுதா டீச்சர்?"

டீச்சரின் சிரிப்பு அப்போதுதான் முதல் தடவையாக நின்றது. "காலைல... கிளம்பும்போது உதைச்சுது. அப்புறம்... இடிச்சதுக்கு அப்புறம் நான் கவனிக்கலை சிஸ்டர்."

சங்கு மறுபடி நாடியைப் பிடித்துப் பார்த்தாள். கர்ப்பிணியின் உடம்பில் வழக்கத்தைவிட ரத்தம் அதிகமாக ஓடும். அதனால் நிறைய இழந்த பிறகும் நாடியும் பிரஷரும் ஒன்றும் நடக்காத மாதிரி நடிக்கும். இடித்த வேகத்தில் நஞ்சுக்கொடி கர்ப்பப்பையின் சுவரிலிருந்து பிரிந்திருந்தால், ரத்தம் வெளியே ஒரு சொட்டுக்கூட வராமல் உள்ளேயே கட்டிக்கொண்டிருக்கலாம்.

"ஆஸ்பத்திரிக்குப் போகலாம் டீச்சர்."

"சாயங்காலம் எங்க டாக்டரம்மாவைப் பார்த்துடறேன். இன்னிக்கு என் ஸ்டூடண்ட்ஸ் ரெண்டு பேருக்கு லைசென்ஸ் டெஸ்ட். நான் போகலைன்னா பயந்துடுவாங்க."

சங்கு அவள் காதருகே குனிந்தாள். "உங்க கார்ல நீங்க உட்கார்ற பக்கமும் ஒரு பிரேக் இருக்குல்ல?"

"ஆமா."

"ஓட்டுறவர் எல்லாம் சரியாத்தான் போகுதுன்னு நினைச்சிட்டு இருப்பார். நீங்க முன்னாடியே ஏதோ பார்த்துட்டு அதை மிதிப்பீங்க. இல்லையா?"

டீச்சர் தலையசைத்தாள்.

"நான் இப்ப அதை மிதிக்கிறேன்."

டீச்சர் கைப்பையை எடுத்துப் பென்ஷன்காரரிடம் நீட்டி, "அய்யா, இதைப் பிடிங்க" என்றாள்.

கழுத்துக்குக் காலர் போட்டு, பலகையில் கிடத்தி, வலது பக்கம் சுருட்டிய கம்பளியை அடியில் கொடுத்து இடப்பக்கமாகச் சாய்த்து வண்டியில் ஏற்றினார்கள். பென்ஷன்காரர் கேட்காமலேயே முன்சீட்டில் பூனை பக்கத்தில் ஏறிக்கொண்டார். ஒரு கையில் கைப்பை, இன்னொரு கையில் 'எல்' அட்டை. அவரை இறக்க யாருக்கும் மனசு வரவில்லை.

வண்டி நகர்ந்தது. சங்கு ஆக்ஸிஜன் மாஸ்க்கைப் பொருத்தினாள். இரண்டு கையிலும் ஊசி ஏற்றி சலைனைத் திறந்துவிட்டாள். கட்டுப்பாட்டு அறையில் இருந்த டாக்டரைப் போனில் பிடித்து ஒலிபெருக்கியில் போட்டாள். அந்த டாக்டரை அவள் நேரில் பார்த்ததில்லை. குரல் மட்டும் பழக்கம், அவசரத்திலும் அலுங்காத பெண் குரல்.

"வயிறு இளகுதாம்மா?"

"இல்ல டாக்டர். பலகை மாதிரி இருக்கு. கொஞ்சம் மேலேறின மாதிரியும் தோணுது. நாடி முன்னைவிட வேகம். குழந்தை அசைவு இல்லை."

"பக்கத்துல இருக்கிற ஆஸ்பத்திரில நிறுத்தாதே. அங்க ரத்தம் கிடையாது, ஆபரேஷன் தியேட்டரும் கிடையாது. அங்க போய் அங்கிருந்து இன்னொரு வண்டி ஏத்தற நேரம் நமக்கு இல்லை. பாலத்தைத் தாண்டிப் பெரிய பிரசவ ஆஸ்பத்திரிக்குப் போ. நான் தியேட்டரை எழுப்பறேன். பிளட் குரூப் கேட்டுச் சொல்லு."

டீச்சரே மாஸ்க்குக்குள்ளிருந்து ரத்த வகையைச் சொன்னாள். சொல்லிவிட்டுச் சங்குவின் சட்டை முனையைப் பிடித்துக்கொண்டாள். "சிஸ்டர்... குழந்தை..."

"டீச்சர், உங்களை நான் பார்த்துக்கிறேன். உங்களைப் பார்த்துக்கிட்டா அதையும் பார்த்துக்கிட்ட மாதிரிதான். மூச்சை மட்டும் நல்லா இழுத்து விடுங்க."

வண்டி பாலத்தில் ஏறியது. ஏறி, பாதி தூரத்தில் நின்றுவிட்டது.

முன்னால் ஒரு பேருந்து பழுதாகிக் குறுக்கே நின்றது. அதைச் சுற்றிப் போகப் பார்த்த கார்கள், கார்களைச் சுற்றிப் போகப் பார்த்த ஆட்டோக்கள், கிடைத்த சந்தில் எல்லாம் ஸ்கூட்டர்கள். ஒரு ஸ்கூட்டர் குறுக்கே நுழைந்ததில் பூனையே முதல் தடவையாகச் சட்டென்று பிரேக் அடிக்க வேண்டியதாயிற்று. பலகைக்கு அடியிலிருந்த கம்பளிச் சுருள் நழுவி விழுந்தது. பலகை தட்டையாகிவிட்டது.

"கண்ணு இருட்டுது அக்கா" என்றாள் டீச்சர். சிஸ்டர் என்பது எப்போது அக்கா ஆனது என்று இருவருக்கும் தெரியாது. அவள் உதடு வெளுத்தது. பிரஷர் காட்டும் எண் பாதாளத்துக்கு இறங்கியது.

சங்கு யோசிக்கவில்லை. வலது பக்கம் நின்று இரண்டு உள்ளங்கையையும் அந்த வயிற்றில் பதித்து, இடது பக்கமாகத் தள்ளிப் பிடித்தாள். பூசணிக்காயில் பழகிய கை அல்ல இப்போது. ஒன்பது வருஷம் பழகிய கை. பாரம் நகர்ந்தது. அவள் மானிட்டரையே பார்த்தாள். ஒன்றுமில்லை. இன்னும் ஒன்றுமில்லை. பிறகு எண் மெல்ல ஏறியது. டீச்சர் கண்ணைத் திறந்தாள்.

"போச்சுன்னு நினைச்சேன்."

"எங்க போவீங்க? நான் விட்டாத்தானே."

இனி கையை எடுக்க முடியாது. கம்பளியைக் குனிந்து எடுக்கக்கூட முடியாது. வண்டியோ நகரவில்லை. சைரன் கத்திக்கொண்டே இருந்தது. பாலத்தில் எல்லா ஹாரன்களும் கத்திக்கொண்டிருந்ததால் அது யார் காதிலும் விழவில்லை. பூனை தன் வாழ்நாளிலேயே முதல் தடவையாக ஹாரனை அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். பலனில்லை.

"அண்ணே, பக்கக் கதவைத் திறந்து விடுங்க. சைரனை நிறுத்துங்க."

"நிறுத்தவா?"

"நிறுத்துங்கண்ணே!"

பூனை இறங்கி ஓடிவந்து கதவை இழுத்துத் திறந்தார். சங்கு இரண்டு கையையும் வயிற்றிலிருந்து எடுக்காமல், தலையை மட்டும் கதவுப் பக்கம் திருப்பினாள். டீச்சரிடம், "பயப்படாதீங்க, கொஞ்சம் சத்தமா இருக்கும்" என்றாள். ஒன்பது வருஷமாகச் சுருட்டி வைத்திருந்ததை எல்லாம் நெஞ்சு நிறைய இழுத்து, விட்டாள்.

"ஹாரனை நிறுத்துங்க எல்லாரும்!"

பாலம் அடங்கியது. உண்மையிலேயே அடங்கியது. பேருந்தின் கடைசி சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவர் எழுந்து நின்றுவிட்டாராம். அப்புறம் பூனை வருவோர் போவோரிடம் எல்லாம் சொன்ன கதை அது.

"உள்ள ஒரு அம்மாவும் குழந்தையும் இருக்காங்க! மஞ்ச சட்டை! ஸ்கூட்டரைத் தூக்கி நடைபாதைல வை! நீலக் கார், ரெண்டடி பின்னால போ! ஆட்டோக்காரத் தம்பி, இந்தப் பக்கம் இல்ல, அந்தப் பக்கம் ஒடிச்சுத் திருப்பு! பஸ்ல இருக்கிற ஆம்பளைங்க எல்லாம் இறங்கித் தள்ளுங்கய்யா, உட்கார்ந்து வேடிக்கை பார்க்காம!"

மஞ்சள் சட்டைக்காரர் ஸ்கூட்டரைத் தூக்கினார்; அதைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவரும் தூக்கினார். பேருந்திலிருந்து ஆட்கள் மளமளவென்று இறங்கினார்கள். முன்கதவு படீரென்று திறந்தது. பென்ஷன்காரர் குதித்து இறங்கினார். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, 'எல்' அட்டையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி, ஆம்புலன்ஸுக்கு முன்னால் ஓட ஆரம்பித்தார். "வழி! வழி! எங்க டீச்சர் வர்றாங்க! வழி விடுங்க!" அழுதுகொண்டிருந்த மனிதரின் காலில் அந்த வேகம் எங்கிருந்து வந்ததோ. வலது பக்கம் அட்டையைக் காட்டினால் வலது பக்கம் ஒதுங்கினார்கள், இடது பக்கம் காட்டினால் இடது பக்கம். தள்ளத் தள்ளப் பேருந்து நகர்ந்தது, சந்து திறந்தது, பூனை அந்தச் சந்தில் வண்டியை நூல் கோப்பது மாதிரி நுழைத்து வெளியே எடுத்தார். பாலத்து முடிவில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற பென்ஷன்காரரை ஏற்றிக்கொண்டு வண்டி பறந்தது.

சங்குவின் தோள் கல்லாகிவிட்டது. விரல்கள் இருக்கின்றனவா என்றே தெரியவில்லை. "டீச்சர், எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. முதல் நாள் என்ன சொல்லிக் கொடுப்பீங்க?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். டீச்சர் மாஸ்க்குக்குள் முனகினாள். "முதல்ல... சீட்டை... சரி பண்ணணும்... அப்புறம் கண்ணாடி..." கிளட்ச் வரைக்கும் பாடம் வந்தபோது ஆஸ்பத்திரி வாசல் வந்துவிட்டது.

வாசலிலேயே பச்சை உடையில் ஆட்கள் தயாராக நின்றார்கள். கட்டுப்பாட்டு அறைக் குரல் சொன்னபடியே தியேட்டர் எழுந்திருந்தது, ரத்தம் வந்திருந்தது. கண்ணாடி போட்ட பிரசவ டாக்டர் ஒருவர் ஸ்ட்ரெச்சர் இறங்கும்போதே வயிற்றில் கருவியை வைத்துக் கேட்டார். "துடிப்பு இருக்கு. மெதுவா இருக்கு, ஆனா இருக்கு." சங்கு நடந்ததை நாலே வாக்கியத்தில் சொல்லிவிட்டுக் கையை எடுக்கப் போனாள்.

"எடுக்காதே" என்றார் டாக்டர். "அப்படியே பிடிச்சுட்டு வா. டேபிள்ல சாய்க்கிற வரைக்கும் உன் கைதான்."

நீளமான தாழ்வாரத்தில் ஸ்ட்ரெச்சர் ஓடியது. பக்கவாட்டில் குனிந்தபடி, இரண்டு கையும் வயிற்றில், சங்குவும் ஓடினாள். தியேட்டர் மேஜையை இடப்பக்கம் சாய்த்து, இன்னொரு ஜோடிக் கை வந்து அவள் கைக்கு அடியில் நுழைந்து இடத்தை வாங்கிக்கொண்ட பிறகுதான் அவள் நிமிர்ந்தாள்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தால் கை இரண்டும் மடக்க முடியாமல் நீட்டிக்கொண்டு நின்றன. பூனை பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துவிட்டார். டீச்சரின் கணவர் ஓடிவந்தார்; மரவேலைக்காரர், தலையெல்லாம் மரத்தூள். பென்ஷன்காரர் எழுந்து போய் அவர் முன்னால் நின்று டீச்சரின் கைப்பையை நீட்டினார். மரவேலைக்காரர் அவர் தோளைப் பிடித்து உட்கார வைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

கதவுக்குப் பின்னால் முதலில் சத்தமே இல்லை. அந்த மௌனம் சங்குவைப் பாலத்து நெரிசலைவிட அதிகமாகப் பயமுறுத்தியது. பிறகு பூனைக்குட்டி மியாவ் என்கிற மாதிரி ஒரு சின்னக் குரல் வந்தது. நின்றது. மறுபடி வந்தது, இந்த முறை கோபமாக. அப்புறம் நிற்கவே இல்லை.

மரவேலைக்காரர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

பிரசவ டாக்டர் வெளியே வந்தபோது நெற்றியெல்லாம் வேர்வை. "அம்மா பொழைச்சுட்டாங்க. நிறைய ரத்தம் போச்சு, ஏத்தியாச்சு. நஞ்சுக்கொடி பாதிக்கு மேல பிரிஞ்சிருந்தது. பொண்ணு. மாசம் முந்திட்டதால கொஞ்ச நாள் இன்குபேட்டர் பெட்டியில வெச்சிருப்போம். ஆனா அந்தக் கத்து கத்துறா, நுரையீரலுக்கு ஒரு குறையும் இல்லை." சங்குவைப் பார்த்து, "பாலத்துல நின்னப்ப கையால தள்ளினியே, அங்கதான் ரெண்டு பேரும் பொழைச்சாங்க" என்றார்.

சங்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவளுக்குத் தொண்டை கட்டிவிட்டது. பூனைதான் பதில் சொன்னார்: "இவதான் டாக்டர், எங்க சங்கு!" சொன்ன பிறகுதான் எங்கே நிற்கிறோம் என்று அவருக்கு உறைத்தது, நாக்கைக் கடித்துக்கொண்டார். டாக்டர் ஒரு நொடி விழித்தார். அப்புறம் சிரிப்பு வெடித்தது. மரவேலைக்காரர்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

கட்டுப்பாட்டு அறை டாக்டர் அதோடு விடவில்லை. மறுவாரமே எல்லா வண்டி ஆட்களையும் அழைத்து, அடிபட்ட கர்ப்பிணி பாடத்தை மறுபடி நடத்தினார். ஆஸ்பத்திரியில் செய்ய வேண்டியதை அவர் சொன்னார், வண்டிக்குள் செய்ய வேண்டியதைச் சங்குவைச் சொல்லச் சொன்னார். இருவரும் அன்றுதான் நேரில் பார்த்துக்கொண்டார்கள். "குரலை வெச்சு உன்னை ஆறடி உயரம்னு நினைச்சேன்" என்றார் டாக்டர்.

சில வாரம் கழித்து ஒரு முற்பகல், வேறொரு நோயாளியை இறக்கிவிட்டு வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, பிரசவ ஆஸ்பத்திரிப் படியில் டீச்சர் இறங்கி வருவதைச் சங்கு பார்த்தாள். சக்கர நாற்காலியை வேண்டாம் என்று தள்ளிவிட்டு, தன் காலாலேயே, ஒவ்வொரு படியாக. பின்னால் மரவேலைக்காரர், கையில் துணிச் சுருளுக்குள் பஞ்சு மாதிரி ஒரு முகம்.

"அக்கா!" என்றாள் டீச்சர். "இன்னிக்குத்தான் விட்டாங்க. கையை நீட்டுங்க."

சங்கு ஓடிப்போய்க் கையை முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்தாள். குழந்தையை வாங்கினாள். எடையே இல்லை. தூக்கத்தில் உதட்டைக் குவித்து எதையோ சுவைத்தது. அன்றைக்கு உள்ளங்கைக்குக் கீழே அசையாமல் கிடந்தது இதுதானா? அது காலை உந்தி அவள் மணிக்கட்டில் ஒரு உதை விட்டது. "உதைக்கிறா பாருங்க!" என்று சங்கு சொன்னது அவளுக்கு மெதுவாகத்தான் கேட்டது; ஆனால் மூன்றாவது மாடியில் இரண்டு ஜன்னல்கள் திறந்தன.

அவர்களை ஏற்றிப்போக வாசலில் ஒரு கார் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் பென்ஷன்காரர். லைசென்ஸ் வாங்கி நாலு நாள்தான் ஆகிறதாம். சங்குவிடமிருந்து குழந்தையை வாங்கிக்கொண்ட மரவேலைக்காரர் காரையும் பார்த்தார், மனைவியையும் பார்த்தார்.

"ஏறுங்க, ஆஸ்பத்திரியில இருந்தே போன்ல சொல்லிச் சொல்லி நான் பாஸ் பண்ண வெச்ச ஆளு" என்று டீச்சர் முன்சீட்டில் உட்கார்ந்தாள். "அய்யா, கண்ணாடி பார்த்தீங்களா?"

"பார்த்துட்டேன் டீச்சர்."

"அப்ப எடுங்க."

கார் ஒரு குலுக்கல்கூட இல்லாமல் நகர்ந்து வாசலைத் தாண்டிப் போனது. பூனை அதைக் கண்ணிமைக்காமல் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் எடுக்கிறார்" என்று சான்றிதழ் கொடுத்தார். அடுத்த அழைப்பு வந்துவிட்டது. ஒரு கட்டட வேலைக்காரருக்குக் கால் பிசகிவிட்டது. அவரை ஏற்றிக்கொண்டு வரும்போது அந்த மனிதர் வலியில் முகத்தைச் சுளித்தபடி, "நான் இப்படிக் கிடக்கிறேன், உங்களுக்கு என்னம்மா இவ்வளவு சந்தோஷம்?" என்று கேட்டார்.

"மன்னிச்சுக்குங்கண்ணே" என்றாள் சங்கு, கட்டுத் துணியைப் பிரித்துக்கொண்டே. சிரிப்பை அடக்க அவளால் முடியவில்லை. "எங்க வண்டில வந்த ஒரு அம்மாவும் பொண்ணும் இன்னிக்கு வீட்டுக்குப் போய்ட்டாங்க."